எல்லர்புரோக் வீட்டு ஆம்பளை

"என் உசிரு இருக்கற வரைக்கும் இந்த வீட்டுப் பிள்ளை வெங்காயமா ஆக மாட்டான்!"

ப்ரேமன் நகரத்தில், காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதெல்லாம் எக்கார்ட் எல்லர்புரோக் போடும் சபதம் இது. இரண்டு வாரமாக ஒரு நாள் தவறவில்லை. கோபத்தில் தடவித் தடவி வெண்ணெய்தான் செலவு.

சமாச்சாரம் இதுதான். ஒரே மகன் தில்மானுக்குக் கல்யாணம். பெண் இம்கே தங்கமான பெண். ஆனால் அவள் குடும்பப் பேர் ஸ்வீபல். அந்த ஊர்ப் பேச்சில் ஸ்வீபல் என்றால் வெங்காயம். கட்டிக்கொள்கிற இரண்டு பேரில் யார் பேரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. "நான் இம்கே பேரை எடுத்துக்கறேன்பா" என்று பையன் சாவகாசமாகச் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு சாலட்டை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். அவன் பேர் மாறிவிட்டால் ப்ரேமன் எல்லர்புரோக் பரம்பரை எக்கார்டோடு சரி.

"வெங்காயம் இல்லாம நீ ஒரு நாள் சாப்பிட்டிருக்கியா எக்கார்ட்?" என்றாள் மனைவி ரோஸ்விதா.

"சாப்பிடறது வேற, ஆகறது வேற! எல்லர்புரோக்னா யாரு தெரியுமா? குதிரை ஏறி, வாள் எடுத்து, ஹெர்ஃபோர்ட் பக்கத்துப் பண்ணையிலேருந்து ப்ரேமனுக்கு வந்த வீரனுங்க. எங்க தாத்தா சொல்லியிருக்காரு."

"உங்க தாத்தா பார்த்தாரா?"

"அவருக்கு அவங்க தாத்தா சொன்னாரு!"

சாட்சிக்கு நடையில் ஒரு கேடயம் தொங்கியது. தபாலில் வரவழைத்த குலச்சின்னம். அதில் ஒரு வாள், ஒரு குதிரை. குதிரைக்குக் கொஞ்சம் கழுதை முகம். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

"உங்க வீரப் பரம்பரை இருக்கட்டும். என் பச்சைக் குடையை எங்க தொலைச்சே?"

"நான் எடுக்கவே இல்லையே!"

"அப்போ அதுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா? சனிக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்து தேடறேன், காணோம்."

டிராமில் குடையை விட்டுவிட்டு வருவதில் எக்கார்டுக்கு ஊரறிந்த அனுபவம் உண்டு. எப்போது எடுத்தோம், எங்கே விட்டோம் என்று ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததாலேயே, நாம்தான் தொலைத்திருப்போம் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காப்பிக்கு மகனும் மருமகளாகப் போகிறவளும் வந்தார்கள். பிளம்பழக் கேக் நறுக்கி முடிப்பதற்குள் அப்பாவும் பிள்ளையும் மல்லுக்கு நின்றார்கள். ரோஸ்விதாதான் நடுவில் புகுந்தாள்.

"சும்மா கத்தாதீங்க ரெண்டு பேரும். எக்கார்ட், நீ சொல்றது என்ன? அந்த ஹெர்ஃபோர்ட் பண்ணை வீட்டுல முன்னோருங்க என்ன வழக்கம் வச்சிருந்தாங்களோ, அதைத்தான் நம்ம பையனும் செய்யணும். அவ்வளவுதானே?"

"அதேதான்! அதுல ஒரு நூல் பிசகக் கூடாது!"

"அப்போ அடுத்த சனிக்கிழமை நேர்ல போய்ப் பார்ப்போம். அங்க எப்படியோ, இங்கயும் அப்படி. தில்மான், உனக்குச் சம்மதமா?"

பையன் சரி என்றான். இம்கேயும் தலையாட்டினாள்.

"அப்போ கை குடுத்துக்குங்க."

கை கொடுத்தால் கொடுத்ததுதான்; அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. எக்கார்ட் எழுந்து நின்று மகன் கையைப் பிடித்து, தோள் கழன்றுவிடும்படி குலுக்கினார். இத்தனை வருஷத்தில் ரோஸ்விதா தன் கட்சிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் இன்னொரு துண்டு கேக்கும் சாப்பிட்டார்.

சனிக்கிழமை நாலு பேரும் காரில் போனார்கள். எக்கார்ட் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பண்ணையில் இறங்கினார். கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாகப் பெரிய வீடு. வண்டியே உள்ளே போகிற அளவுக்கு வாசல். வாசல் உத்தரத்தில், வீடு கட்டியவர்களின் பேரைச் செதுக்கியிருந்தார்கள்.

"படிடா! சத்தமா படி!" என்றார் எக்கார்ட்.

தில்மான் படித்தான். "யோப்ஸ்ட், பிறப்பால் கிளாப்மையர், இப்போது எல்லர்புரோக். அவன் மனைவி, இந்த வீட்டு மகள் அன்னா எல்லர்புரோக்."

"என்னது, இப்போதா?"

உள்ளேயிருந்து ஏப்ரனில் கை துடைத்தபடி வந்தாள் பண்ணைக்காரி ஹில்டகார்ட் எல்லர்புரோக். "ஆமா, கட்டிக்கிட்டதும் பேரு மாறிடுச்சு. இந்தப் பக்கம் பேரு பண்ணையோடதுங்க. பொண்ணு வீட்டுக்கு வந்து வாழற ஆம்பளை அந்தப் பேரைத்தான் எடுத்துக்குவான்."

"எப்பவோ ஒருத்தர் எடுத்திருப்பாரு."

"ஒருத்தரா? இந்த வீட்டுல பாதிப் பேரு அப்படித்தான். ஏங்க, நீங்க பொறந்தப்போ என்ன பேரு?"

மாட்டுக் கொட்டகையிலிருந்து புருஷன் தலையை நீட்டினான். "மையர்!"

"ப்ரேமனுக்குப் போன எங்க ஆளு..." எக்கார்டின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அவரு இந்த யோப்ஸ்டோட சின்னப் பையன். பண்ணை அக்காவுக்குப் போயிடுச்சு. பொழைப்புக்கு ஹாலந்துக்குப் புல்லறுக்க நடந்தே போனாரு. திரும்பற வழியில ப்ரேமன்லயே தங்கிட்டாருன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க."

"குதிரை?"

"குதிரையா? கட்டைச் செருப்பு."

"வாள்?"

"அரிவாள்."

இம்கே பாவம், பேச்சை மாற்றப் பார்த்தாள். "எல்லர்புரோக்குன்னா என்னங்க அர்த்தம்?"

"சதுப்பு நிலம்மா. இப்ப அவரு நிக்கறாரே, அதுதான்."

எக்கார்ட் குனிந்து பார்த்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ கணுக்கால் வரை பரம்பரைக்குள் இறங்கியிருந்தது.

"அப்பா, நீ கை குடுத்திருக்க" என்றான் தில்மான் மெதுவாக.

எக்கார்டுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனாலும் பேச்சு மாறுகிற ஆள் இல்லை. "குடுத்தேன். எல்லர்புரோக் ஆம்பளை பொண்டாட்டி பேரை எடுத்துக்கணும். எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினார். இடது ஷூ வரவில்லை.

ஒற்றை ஷூவோடு காருக்கு நடக்கும்போது ஒரே ஒரு ஆறுதல் மிச்சமிருந்தது. யாரும் தன்னைத் தோற்கடிக்கவில்லை, இது தலையெழுத்து. பாவம் ரோஸ்விதா, நம் பக்கம் நின்றாள். அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? வீட்டுக்குப் போனதும் அவளுக்கு நல்லதாக ஒரு குடை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பின்னாலேயே ஹில்டகார்ட் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "ரோஸ்விதா, நில்லுங்க! போன தடவை வந்தப்போ பச்சைக் குடையை இங்கயே மறந்துட்டுப் போயிட்டீங்க!"