காந்தம் வைத்த கை

"யார் காந்தம் வச்சது? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!"

ஆய்வாளர் மேசையில் ஓங்கிக் குத்தியதில் நுண்ணோக்கி ஒரு குதி குதித்தது. உதவியாளராக இருந்த பெண் கையிலிருந்த அளவீட்டுத் தாளை இன்னொரு முறை பார்த்தாள்.

"நான் வைக்கல சார்."

"பின்ன? கல்லே எந்திரிச்சுப் போய் ஒட்டிக்கிட்டு வந்துச்சா?"

பாலைவனத்தில் ஒரு லாரிக்காரர் கண்டெடுத்த கல் அது. இரண்டாக உடைந்து கிடந்ததில் ஒரு பாதியை முதலில் அனுப்பியிருந்தார். மேலே கருகிய தோல், உள்ளே பச்சை கலந்த சாம்பல் நிறம். கல்லிலுள்ள ஆக்சிஜன் வகைகளை அளப்பது வரை எல்லாச் சோதனையும் முடிந்து, செவ்வாய்க் கிரகத்துக் கல்லேதான் என்று உறுதியாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாகச் சாதாரண விண்கற்களையே தரம் பிரித்து அலுத்துப்போனவருக்கு வாழ்க்கையில் முதல் அதிர்ஷ்டம். செவ்வாய்க்கு ஒரு காலத்தில் இருந்த காந்தப்புலத்தின் சுவடு அதற்குள் பதிந்திருக்கும். அதை அளந்து தன் பேரில் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும் என்று தூக்கமில்லாமல் காத்திருந்தார்.

சாதாரணக் காந்தம் ஒன்று பட்டால் போதும், அந்தச் சுவடு அழிந்துவிடும். அழிந்தேவிட்டது என்றது தாள்.

"மச்சினன் குடுத்த கைக்கடிகாரத்தைக்கூட மேசையில போட்டுட்டு, அது வந்த பெட்டியில இந்தக் கல்லை வச்சேன். உள்ள மெத்தை! என்னைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்ல!"

"கல்லைத் தொட்டது நாம ரெண்டு பேர்தான் சார். நான் வைக்கல."

"அப்ப நான் வச்சேங்கிறியா?"

கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அளவீட்டு இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது, அவள் படியிறங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த எரிச்சலோடு லாரிக்காரரைப் போனில் பிடித்தார்.

"காந்தம் வச்சுப் பாத்தீங்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

"நீங்க வேண்டாம்னு எழுதினப்புறம் எப்படி சார் வைப்பேன்? ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குன்னு வண்டியில அதைக்கூடக் கழட்டிட்டேன். பாட்டே இல்லாம மூணு நாளா ஓட்டிட்டு வர்றேன். அடுத்த பாதியைக் குடுக்கத்தான் வந்துட்டிருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க!"

"பொய்யா? சரி, வண்டியைத் திருப்புறேன். கல்லு கேட்டு இன்னொரு ஆய்வுக்கூடமும் எழுதியிருக்கு."

லைன் போனது. தரை துடைக்க வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்ததும் ஆய்வாளரின் கோபம் அந்தப் பக்கம் பாய்ந்தது.

"உங்க வாளியில காந்தம் ஏதாவது இருக்கா?"

"தண்ணிதான் சார் இருக்கு."

ஏழாவது முறை அழைத்தபோது லாரிக்காரர் போனை எடுத்தார். ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதே பல்லைக் கடித்தபடி உதவியாளரிடமும் கேட்டார். இதற்கு அவருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

சாயங்காலம் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். லாரிக்காரர் துணியைப் பிரித்து இரண்டாவது பாதியை மேசையில் வைத்தார். காந்தம் படாத, சுத்தமான பாதி. அந்தக் கல்லில் சுவடு அழியாமல் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

"இயந்திரம் தயாராகப் பத்து நிமிஷம் ஆகும் சார்" என்றாள் உதவியாளர்.

"அதுவரைக்கும் யாரும் கிட்ட வரக்கூடாது! உங்க யாரையும் நான் நம்பத் தயாரா இல்ல."

இரண்டு கையாலும் கல்லை எடுத்து அதே கடிகாரப் பெட்டியின் மெத்தையில் படுக்க வைத்தார். மூடி டக்கென்று கச்சிதமாக மூடிக்கொண்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று பேரையும் முறைத்தார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அந்த மூடி தானா டக்குனு இழுத்துக்குதே, அதுக்குள்ள இருக்கிறது காந்தம்தானே?"