மணி அடிக்காத தலைவர்

உலகம் முழுக்கக் கிளை பரப்பிய ஓர் ஆன்மிக அமைப்பில், ஒரு வருஷம் பதவியிலிருந்தும் ஒரு முடிவுகூட எடுக்காத தலைவர் யாராவது உண்டென்றால், அது எங்கள் வாசல் கேட்டுக்காரர்தான். கொல்லிமலையில் இருக்கிற அதன் தியான மையத்தில் நான் சமையல் வேலை செய்கிறேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று உண்டு. சம்பளத்தன்று மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் கேட்டுக்காரர். தலையில் துண்டு, தொண்டையில் ஒலிபெருக்கி. மையத்தில் சாயங்காலம் வரை யாரும் பேசக் கூடாது என்பது விதி. அந்த விதி கேட்டு வரைக்கும் வந்து, அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வாய் திறக்காமல் நடக்கிற வெள்ளைக்காரரை நிறுத்தி, "ஏனுங்க சாமி, சாப்ட்டாச்சுங்களா?" என்பார். அவர் தலையாட்டும் வரை விடமாட்டார்.

இப்பேர்ப்பட்டவர் எங்கள் மையத்துக்குத் தலைவரானது சீட்டுக் குலுக்கலில். பதவிக்கு யாரும் ஆசைப்படக் கூடாதென்று அமைப்பில் ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை, மையத்தில் வேலை செய்கிற எல்லார் பேரையும் எழுதிக் குலுக்குவார்கள். தொண்டர், சம்பளக்காரர் என்ற பேதமில்லை. என் பேர் வந்துவிடுமோ என்று நான் அன்று பாத்திரம் கழுவுகிற இடத்தை விட்டு நகரவே இல்லை. வந்தது கேட்டுக்காரர் பேர்.

"நான் தலைவராப் போனா கேட்டை யாருங்க பாக்கறது?" என்றார்.

செயலாளர் கோயமுத்தூரில் பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தொண்டு செய்ய வந்தவர். "ரெண்டையும் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு செயலாளர் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்த வார்த்தைதான் காரணம்.

மாதம் ஒரு கூட்டம் நடக்கும்; அதில் மட்டும் பகலிலும் பேசலாம். ஒரு விஷயத்தைப் பேசி எல்லாரும் சம்மதித்த பிறகு, தலைவர் தன் கையால் வெண்கல மணியை அடிக்க வேண்டும். அடித்தால்தான் முடிவு. அடிக்காமல் கூட்டம் கலைந்தால் அந்த விஷயத்தை ஒரு வருஷத்துக்கு யாரும் தொடக் கூடாது.

மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்துத்தானே வண்டி ஏறும்? எங்கேயோ கீழே சத்தம் கேட்டாலே தலைவர் எழுந்துவிடுவார். "வாரேனுங்க, வண்டி வருது!" ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தபடி நிற்பார். வண்டி ஆடி அசைந்து மேலே வந்து, நேராக வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் போய்விடும். அதற்குள் தியான நேரமாகிக் கூட்டம் கலைந்திருக்கும். ஹாலுக்கு வெள்ளையடிப்பது, புதுத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இப்படித்தான் நின்றன.

வெளிநாட்டுத் தலைமையகத்தோடு கம்ப்யூட்டரில் பேசிய கூட்டம் இன்னும் விசேஷம். திரையில் தெரிந்த ஒவ்வொருவரிடமும், "உங்க ஊர்ல மழைங்களா?" என்று கேட்டார். செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தார். அவர்களும் ஆசையாகப் பதில் சொன்னார்கள். ஒருவர் தன் தோட்டத்தையே காட்டினார். "மிளகு வெக்கலாமேங்க!" என்றார் நம்மவர். நேரம் முடிந்துவிட்டது.

தலைமையகத்தின் யோசனை ஒன்று வந்தபோதுதான் எங்கள் சிரிப்பு நின்றது. மையத்தில் கட்டணம் கிடையாது. தங்கிப் போகிறவர்கள் மனசுபோலக் கொடுப்பதில்தான் அரிசி, கரண்ட், எங்கள் சம்பளம் எல்லாம். வேறு நாடுகளில் கிளை திறக்கப் பணம் தேவை. இனிச் சமையலையும் தொண்டர்களே செய்யட்டும், கேட்டுக்கு மட்டும் சம்பள ஆள் போதும் என்றார்கள். சமையலறையில் நாங்கள் மூன்று பெண்கள். என் மகள் நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். வேறு இடத்தில் போய் வேலை கேட்க எனக்கு வாயும் கிடையாது.

கூட்டத்தன்று விடிந்ததிலிருந்து பேய்மழை. மரம் விழுந்து ரோடு அடைத்து, பஸ்கூட வரவில்லை. தொண்டர்களுக்கு மனசில்லைதான், ஆனாலும் தலைமையகம் சொல்லியாயிற்றே என்று ஒவ்வொருவராகச் சம்மதம் சொன்னார்கள். டீ கொண்டுபோன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். செயலாளர் மணியைத் தலைவர் பக்கம் நகர்த்தினார்.

தலைவர் மணியடிக்கிற கோலை எடுத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். கோலைக் கீழே வைத்தார்.

"ஹாரன் சத்தம் கேக்குதுங்க."

"தலைவரே, ரோட்டுல மரம் கிடக்கு. எந்த வண்டி வரும்?" என்றார் செயலாளர்.

"வந்துட்டா? கேட்டு மூடியிருந்தா மனுசங்க என்னங்க நெனைப்பாங்க?"

"மழை கொட்டுது, உட்காருங்க!"

"அதனாலதானுங்க போறேன். அவுங்க நனைவாங்கல்ல?"

போயே போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டை அகலத் திறந்து வைத்து, தலைத்துண்டு சொட்டச் சொட்ட, வெறும் ரோட்டுக்கு சல்யூட் வைத்துக்கொண்டு நின்றார். தியான நேரம் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் கலைந்தது. செயலாளர் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். நன்றி சொல்லத்தான் போனேன். "ஏனுங்கண்ணா, வண்டி வந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்க அம்முணி வந்துச்சு? எனக்குக் காது மந்தமாயிட்டுது போல," என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே.

வருஷம் திரும்பியதும் சீட்டில் வேறு ஆள் வந்தார். தலைமையகத்திலும் சீட்டுதானே, அங்கே புதிதாக வந்தவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதே அடுப்படியில்தான் இருக்கிறோம்.

மையத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சாப்பாடு என்பது விதி. கேட்டுக்காரர் தட்டில் மட்டும் சாமைச் சோற்றின் மேல் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுகிறது. அதற்கு நான் எந்தக் கூட்டத்தின் சம்மதத்தையும் கேட்கவில்லை.