நாலு வரி, பதினொரு பக்கம்

மொத்தம் நாலு வரிதான் இருந்தது. ஒடூரோ தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் நாலு வரிதான்.

நண்பர் பெரிமாவின் வீட்டில் மின்சாரம் போயிருந்தது. விசிறிக்கொள்ள எதையாவது தேடியவருக்குச் சபைப் பாட்டுப் புத்தகம் அகப்பட்டது. இரண்டு விசிறு விசிறியதில் இந்தத் தாள் கீழே விழுந்தது. தலைப்பில் பெரிமாவின் கோணல் கையெழுத்தில் 'ஒடூரோவுக்கு இரங்கல்' என்று இருந்தது. பெரிமா கொல்லையில் மீன் பொரித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்.

ஒடூரோ படித்தார்.

'ஒடூரோ என் நண்பன். ஐம்பது வருஷம் என் பெட்டியையும் அவனே சுமந்தான். நான் அழுதால் அது நடிப்பா நிஜமா என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். இன்று அழுகிறேன், அவனைத்தான் கேட்க வேண்டும்.'

அவ்வளவுதான். மேடையில் ஒடூரோவின் கம்பீரம் இல்லை, குரல் இல்லை, வாங்கிய கேடயங்கள் இல்லை.

இந்தத் தாள் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குமாசி நகரத்தில் இந்த இருவரையும் தெரியாதவர்கள் நேற்றுப் பிறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். லாரியில் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட காலத்தில் குழுவில் பெண்கள் கிடையாது. ஒடூரோ புருஷன். பெரிமா பவுடர் பூசித் தலைத்துணி கட்டி, பெண்டாட்டி அச்சியா ஆவார். பிறகு அதே புருஷனும் பெண்டாட்டியும் டிவியிலும் இருபது வருஷம் சண்டை போட்டார்கள். இன்றைக்கும் சந்தையில் மீன்காரிகள், ஒடூரோவின் சொந்த மனைவி பக்கத்தில் நிற்கும்போதே, "வீட்டுல அச்சியா சௌக்கியமா?" என்று விசாரிப்பார்கள்.

எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் சாவு வீடு. கறுப்பும் சிவப்பும் உடுத்தி, பந்தலின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பளபளவென்று அச்சடித்த இரங்கல் புத்தகத்தைப் புரட்டுவோம். மனைவியின் இரங்கல், பிள்ளைகளின் இரங்கல், சபையின் இரங்கல், நண்பரின் இரங்கல் என்று வரிசையாக இருக்கும். இருவரும் நூறு புத்தகம் பார்த்து நூறிலும் குற்றம் கண்டவர்கள். அதனால் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதலில் போகிறவனுக்கு மற்றவன் எழுத வேண்டும். துக்கத்தில் எழுதினால் சொதப்பும், ஆகவே இப்போதே எழுதிவைக்க வேண்டும். ஒருவன் எழுதியதை மற்றவன் பார்க்கக் கூடாது.

ஒடூரோ ஒரு மாதம் உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதியிருந்தார். அவர் மனம் எப்படிப் பொறுக்கும்?

"நாலு வரி, போமா! நாலே வரி!" என்றார் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம்.

போமா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். "என்ன எழுதியிருக்காரு?"

"என்ன எழுதினா என்ன? போன மாசம் செத்தானே டயர் கடைக்காரன், அவனுக்கே ரெண்டு பக்கம் போட்டாங்க."

"டயர் கடைக்காரரு நல்ல மனுஷன்."

"அப்ப நான்?"

"அதை மூத்தவகிட்டப் போய்க் கேளுங்க."

பெரிமாவை போமா 'மூத்தவ' என்றுதான் சொல்வார். ஒடூரோவுக்கு முதலில் வாழ்க்கைப்பட்டது அவர்தானே, மேடையில்.

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு இரங்கலா?" என்றார் ஒடூரோ. ஆனாலும் மறுநாள் மாமரத்தடியில் சொக்கட்டான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மெல்லக் கொக்கி போட்டார்.

"டேய் பெரிமா, நான் செத்துட்டா என்ன சொல்லுவ?"

"எழுதி வெச்சிருக்கேன். உன் காயை நகத்து."

"நீளமா எழுதியிருக்கியா?"

"தேவையான அளவு எழுதியிருக்கேன்."

"தமாலே ஊர்ல அன்னிக்கு மழையில எல்லாரும் ஓடினப்போ, நான் தனியா நின்னு நாடகத்தை முடிச்சேனே. அதெல்லாம் வரணும் இல்ல?"

"தனியாவா நின்ன? பக்கத்துல ஒருத்தி பாவாடை நனைஞ்சு நின்னுகிட்டிருந்தாளே?"

"அது வேற விஷயம்டா."

பெரிமா ஒரு காயை வெட்டி எடுத்தார். "இப்படி யோசிச்சுப் பாத்தா, நான் எழுதினதே ஜாஸ்தின்னு தோணுது. ஒரு வரியை வெட்டிடலாம்."

ஒடூரோ அன்றைக்கு ஆட்டத்திலும் தோற்றார்.

நாலு மூன்றாவதற்குள் எதையாவது செய்தாக வேண்டும். உடம்பு சரியில்லை என்று படுத்தால் பெரிமாவின் மனசு இளகும், மனசு இளகினால் பேனா ஓடும் என்று கணக்குப் போட்டார். மறுநாளே படுத்துக்கொண்டார். பெரிமா ஒரு பாத்திரம் நிறைய ஆட்டுக்கறி ரசம் கொண்டுவந்தார். ஒடூரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீளமாக இருமினார்.

"அட, இது ரெண்டாம் காட்சி இருமல்!" என்று பெரிமா கைதட்டினார். "கடன்காரன் வரும்போது இருமுவியே, அது. முப்பது வருஷமாகியும் மாறவே இல்லைடா." பாதி ரசத்தைத் தானே குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இருமல் தப்பில்லை, மேடைதான் தப்பு என்று ஒடூரோ முடிவு செய்தார். படுக்கையறை இருட்டாக இருந்தது. முகபாவம் எப்படித் தெரியும்? சனிக்கிழமை காலையில் தெருவில் போன இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, கூடத்திலிருந்த சோபாக்களை எல்லாம் முற்றத்துக்குத் தூக்கிப் போடச் சொன்னார். காலியான கூடத்தின் நடுவில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி கட்டிலைப் போட்டார். வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, 'நிலைமை மோசம், உடனே வா' என்று பெரிமாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டின் சோபாக்கள் மொத்தமாக வெளியே வருவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான், கூடத்தில் பிணத்தைக் கிடத்த. அதை நாலு வயதுக் குழந்தையும் சொல்லும். ஐம்பது வருஷம் ஊராரை அழவைத்த நடிகருக்கு மட்டும் அது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

எதிர்வீட்டுத் தையற்காரி முதலில் பார்த்தாள். கூடம் காலி. வாசலில் போமா, மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, கண் சிவந்து நீர் வடிய நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ஐயா எப்படி இருக்காரு?"

"என்கிட்ட எதுவும் கேக்காத" என்றார் போமா எரிச்சலோடு. "உள்ள கிடத்தியிருக்கு, வேணும்னா எட்டிப் பாத்துக்க."

தையற்காரி எட்டிப் பார்த்தாள். பெரிமாதான் வருகிறார் என்று நினைத்து ஒடூரோ கண்ணை மூடி, மூச்சை அடக்கி, தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த நடிப்பை நடித்தார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினாள்.

கால் மணி நேரத்தில் வானொலியில் வந்துவிட்டது. அரை மணியில் பந்தல்காரர் யாரும் கேட்காமலே நாலு பந்தல் போட்டார். சபைப் பாடகர்கள் வந்தார்கள். முழம் முழமாகக் கறுப்பும் சிவப்பும் தெருவை அடைத்தன. ஒலிபெருக்கிகளைக் கட்டி, அவற்றில் வானொலியையே போட்டுவிட்டார்கள். எங்கள் வழக்கப்படி மாமன் சொத்துக்கு வாரிசான ஒடூரோவின் அக்கா மகன் அளவு டேப்போடு வந்து இறங்கி, மாமாவின் வீட்டுச் சுவரை வெளிப்பக்கமாக அளக்க ஆரம்பித்தான். இரங்கல் புத்தகம் அச்சடிக்கும் லிடியாவும் மாதிரிப் புத்தகங்களை அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் சில வீடுகளுக்கு உயிர் போவதற்கு முன்பே வந்துவிடுவாள் என்று பேச்சு.

போமா கதவைச் சாத்திக்கொண்டு புருஷனிடம் வந்தார். "எழுந்திருங்க! ஊரே திரண்டு நிக்குது. நான் போய்ச் சொல்லப் போறேன்."

"எவ்வளவு பேர் இருக்கும்?"

"என்னங்க இது!"

"சும்மா சொல்லேன். டயர் கடைக்காரனுக்கு வந்ததைவிட ஜாஸ்தியா?"

போமா கதவுப் பக்கம் திரும்பினார். ஒடூரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே நிமிஷம். பெரிமாகிட்ட ரேடியோல பேசப்போறாங்களாம், இப்பதான் சொன்னாங்க. அதைக் கேட்டுட்டு எழுந்துடறேன். அவன் மனசுல நான் என்னவா இருக்கேன்னு தெரியணும் போமா. எனக்கு அது தெரியாம சாவு வராது."

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். "நம்ம அச்சியா, பெரிமா ஐயா, இப்ப நம்மகூட இருக்காரு. ஐயா, உங்க ஐம்பது வருஷ நண்பரைப் பத்திச் சொல்லுங்க."

"ஒடூரோ என் நண்பன்" என்றது பெரிமாவின் குரல்.

ஒடூரோ தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஐம்பது வருஷம் என் பெட்டியையும் அவனே சுமந்தான். நான் அழுதா அது நடிப்பா நிஜமான்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். இன்னிக்கு அழறேன், அவனைத்தான் கேக்கணும்."

"பாத்தியா!" என்றார் ஒடூரோ. "அதே நாலு வரி! இப்பக்கூட அஞ்சாவது வரலை!"

"இன்னும் ஏதாவது சொல்லுங்க ஐயா" என்றார் அறிவிப்பாளர். மறுபடி கேட்டார். வானொலி ஒரு நிமிஷம் வெறுமனே இரைந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. மூக்கை உறிஞ்சுவதும், உள்ளிழுத்த மூச்சு வெளியே வரத் தெரியாமல் விக்குவதுமாக ஒரு கேவல்.

பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். "அச்சியான்னா அச்சியாதான்! என்னமா அழறாரு பாரு!"

ஒடூரோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அச்சியாவின் அழுகை அவருக்குத் தெரியும். அது மூன்று படியாக ஏறும், கடைசியில் ஒரு சின்ன விசில் சத்தம் வரும். ஆயிரம் மேடைகளில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். இதில் படியும் இல்லை, விசிலும் இல்லை. இப்படி ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார், பெரிமாவின் மனைவி போன அன்று. அவருக்கு நெஞ்சு நிஜமாகவே வலித்தது.

"அடப்பாவி, அழறாண்டி!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து ஓடினார்.

வெள்ளைத் துணியோடு அவர் பந்தலுக்குள் பாய்ந்ததும் என்ன நடந்தது என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எழுபது நாற்காலிகள் உடைந்தன என்கிறார் பந்தல்காரர். சபைப் பாடகர்கள் சுவரேறிக் குதித்தது மட்டும் நிச்சயம். அக்கா மகன் டேப்பை விட்டுவிட்டு ஓடினான்.

சொல்லியனுப்பியதை இன்னொரு நடிப்பு என்று ஒதுக்கியிருந்த பெரிமா, தன் வீட்டு வாசற்படியில், கையில் போனோடு உட்கார்ந்திருந்தார். ஓடிவந்தவரைப் பார்த்தார். நிதானமாகத் தன் செருப்பைக் கழற்றினார். எதிரே நின்றவரை முதுகில் நாலு சாத்து சாத்தினார். பிறகு செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார்.

"நாலு அடிதானா?" என்றார் ஒடூரோ அழுதுகொண்டே.

"தேவையான அளவு" என்றார் பெரிமா, அவரும் அழுதுகொண்டே.

வந்த கூட்டத்தைச் சும்மா அனுப்ப முடியுமா? ஆடு அறுத்தாகிவிட்டது. பயந்து ஓடியவர்கள் வாசனை பிடித்துத் திரும்பி வந்தார்கள். பிணமாக இருக்க வேண்டியவர் முதல் வரிசையில் உட்கார்ந்து இரண்டாம் முறை கறி வாங்கிக்கொண்டார். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். இப்படியொரு கலகலப்பான சாவு வீட்டைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

வயிறு நிறைந்ததும் ஒடூரோவுக்குப் பழைய குறை மறுபடி தலைதூக்கியது.

"இருந்தாலும் பெரிமா, மனசு இருந்தா மட்டும் போதாது. இரங்கல்னா எப்படி எழுதணும்னு ஒரு முறை இருக்கு. நான் உனக்கு எழுதினதைப் பாத்தா நீயே வெக்கப்படுவ."

"பாக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம்டா."

"நீ பாக்க வேண்டாம். தொழில் தெரிஞ்சவ பாக்கட்டும்." உள்ளே போய்ப் பதினொரு பக்கங்களையும் எடுத்துவந்து லிடியாவிடம் நீட்டினார். "இந்தாம்மா, வந்ததுக்கு ஒரு வேலை. இதை அச்சுக்குத் தயார் பண்ணி வெச்சுடு. இவன் போறப்போ நாம தேடிக்கிட்டிருக்க வேண்டாம் பாரு. பக்கம் குறைக்காத. நட்புன்னா என்னன்னு நாலு பேர் தெரிஞ்சுக்கணும்."

லிடியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தமாலே மழை வந்தது. கேடயங்கள் வந்தன. அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்ப ஒடூரோ அவள் முகத்தையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெரிமா எலும்பைக் கடித்தபடி, எதிலும் எட்டிப் பார்க்காமல், தனக்குள் சிரித்துக்கொண்டார். ஏன் சிரிக்கிறார் என்று ஒடூரோவுக்குப் புரியவில்லை.

லிடியா கடைசிப் பக்கத்தை முடித்தாள். மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்த் தலைப்பைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஐயா, அட்டையில யாரு படம் போடணும்னு தெரியணும்" என்றாள். "தலைப்புல பெரிமா ஐயா பேரு இருக்கு, உள்ள பதினொரு பக்கமும் நீங்கதான் இருக்கீங்க. இதுல செத்தது யாரு?"