மாப்பிள்ளை ரூமுக்கு நெட்டு

"மேல ரூமுக்கு நெட்டு வந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு..."

"வரும், இரு. டப்பாவுல இப்பத்தான் லைட்டு..."

"லைட்டுதான் காலையிலருந்து எரியுதே! செவப்பா எரியுது. செவப்புன்னா இன்னா அர்த்தம்?"

"சிக்னலைத் தேடிக்கினு இருக்குதுன்னு..."

"அது தேடி முடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளை பெட்டியக் கட்டிடுவாரு!"

சிட்டிபாபு மாடி ரூம் வாசலில் நின்றார். ரத்தினம்மா படிக்கட்டின் அடியில், கையில் கரண்டியோடு நின்றாள்.

விஷயம் இதுதான். மகள் ரோஜாவும் மாப்பிள்ளை ஸ்ரீஹரியும் வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து குடிபாலாவுக்கு வந்திருந்தார்கள். வருகிற புதன்கிழமை ஊரில் கங்கையம்மன் ஜாத்திரை. கல்யாணமாகி வரும் முதல் ஜாத்திரை. மகளும் மாப்பிள்ளையும் ஜோடியாக நின்று அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று ரத்தினம்மாவுக்கு ஆசை. ஆனால் மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. சங்கராந்திக்கு வந்தவர் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார். மாடி ரூமுக்கு நெட் எட்டாததுதான் காரணம் என்று ரத்தினம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

"ரௌட்டரு கீழ ஹால்லதான இருக்குது? அங்க உக்காந்து வேலை செய்யட்டுமே" என்று சிட்டிபாபு ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

"டிவிக்குப் பக்கத்துல, உன் பனியன் காயற கொடிக்குக் கீழ மாப்பிள்ளைய உக்கார வைக்கறதா? சம்பந்தியம்மா காதுல வுழுந்தா இன்னா ஆவறது?"

அதனால்தான் சித்தூருக்குப் பஸ் ஏறிப் போய் அந்த எக்ஸ்டெண்டரை வாங்கி வந்திருந்தார். கீழே இருக்கும் நெட்டை இழுத்து மேலே தள்ளும் டப்பா. முப்பது வருஷம் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பம்பும் பைப்பும் பார்த்தவர் சிட்டிபாபு. பம்ப் மாதிரி என்று கடைக்காரன் சொன்னதும் அவருக்குச் சட்டென்று புரிந்துபோயிற்று.

ஸ்ரீஹரி ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார். "விடுங்க மாமா. எனக்காக எதுக்கு இவ்ளோ சிரமம்? நெட்டு இல்லன்னா பரவாயில்ல."

ரத்தினம்மா மாப்பிள்ளைக்கு எதிரில் நின்று பேசும் வழக்கம் இல்லாதவள். சொல்ல வேண்டியதைப் புருஷனிடம் சொல்லுவாள். புருஷன் இல்லாவிட்டால் கதவிடம் சொல்லுவாள். இப்போது புருஷனைப் பார்த்து அடிக்குரலில் சொன்னாள்:

"பரவாயில்லன்றாரு பாத்தியா? கோவம் வந்துட்ச்சி."

"அவர் எங்கம்மா கோச்சிக்கினாரு? வுடு நைனா, அவரே ஒண்ணும் கேக்கல" என்றாள் ரோஜா, மாம்பழத்தைச் சப்பிக்கொண்டே.

"அவரு கேக்க மாட்டாருடி. நாமதான் பாத்துச் செய்யணும்."

சிட்டிபாபு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "மாப்ளே, நீங்க இன்ஜினியரு. எங்க வெச்சா வேலை செய்யும், நீங்களே சொல்லுங்க."

ஸ்ரீஹரி கொஞ்ச நேரம் யோசித்தார். டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பீரோவுக்குப் பின்னால வைங்க மாமா. சிக்னல் இரும்புல பட்டுத் திரும்பி ரூமெல்லாம் பரவும்."

"எனக்கின்னாவோ பாதி வழியில வெச்சா நல்லதுன்னு தோணுது மாப்ளே. ஃபேக்டரியில கூழு மேல ஏறணும்னா, வத்திப்போன எடத்துல பம்பு வைக்க மாட்டோம். ஃபோர்சு இருக்கும்போதே நடுவுல ஒண்ணு வெச்சு..."

"அது கூழு மாமா. இது வேவ்ஸு."

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மாமனும் மாப்பிள்ளையுமாக மூச்சுப் பிடித்து பீரோவை நகர்த்தினார்கள். டப்பா பின்னால் போயிற்று. சிவப்பு லைட்டும் அணைந்தது.

"ரீசெட் பண்ணணும்" என்றார் ஸ்ரீஹரி. ரோஜாவின் காதுத் தோட்டைக் கழற்றி, அதன் முனையால் ஓட்டைக்குள் அழுத்தினார். பிறகு, "கீழ ரௌட்டரையும் ஒரு தடவ அழுத்திடலாம் மாமா. ரெண்டும் புதுசா பேசிக்கும்" என்றார்.

ரெண்டும் புதுசாகப் பேசிக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இருந்த பேச்சும் நின்றுபோயிற்று. ஹாலில் இருந்த நெட்டும் போய், ரத்தினம்மாவின் சீரியல் பாதியில் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாய்யா இது? மேலயும் இல்ல, கீழயும் இல்ல!"

"மாப்பிள்ளைதான் செஞ்சாரு."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள் ரத்தினம்மா உடனே. "நீ நடுவுல கைய வெச்சியா?"

ஞாயிற்றுக்கிழமை கேபிள்காரர் கன்னையாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்து ஹால் நெட்டை மீட்டு, டப்பாவையும் அதோடு புதுசாக இணைத்தார்கள். மாடி மட்டும் மாறவில்லை. ஸ்ரீஹரி சளைக்காமல் அடுத்த வழி சொன்னார். சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அந்தப் பிளக்கில்.

அது மிக்ஸி பிளக்கு. மாப்பிள்ளை வைத்த டப்பாவைப் பிடுங்குவதாவது! ரத்தினம்மா மறுபேச்சுப் பேசாமல் கொல்லைக்குப் போய் அம்மியைக் கழுவினாள். இருபது இட்டிலிக்கு வேண்டிய சட்டினியைக் கையாலேயே அரைத்தாள். டப்பா செவசெவ என்று முழித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மதியம் ஸ்ரீஹரி தீர்ப்புச் சொன்னார். "பீஸே சரியில்ல மாமா. ஜாத்திரை முடிஞ்ச அப்பறம் கடையில திருப்பிக் குடுத்துடுங்க." சாப்பிட்ட களைப்பில் மாடிக்குப் போய் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

ரத்தினம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பூடுச்சி. நாளைக்குக் காலையில பஸ் ஏறப் போறாங்க. ஜோடியா பொங்கல் வெப்பாங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். புதன்கிழமை நான் யாரு மூஞ்சில முழிப்பேன்?"

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அழுது அவர் பார்த்தது மூன்று முறையோ நான்கு முறையோதான். சிட்டிபாபு எழுந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த டப்பாவைப் பிடுங்கினார்.

"மாப்பிள்ளையக் கேக்காம எங்க எடுத்துக்கினு போற?"

"தூங்கறாரு. கூழா, வேவ்ஸான்னு நானே பாத்துடறேன்."

படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு பிளக் இருந்தது. பாதி வழி. செருகினார். சிவப்பு. மஞ்சள். அப்புறம் சிவப்பே வரவில்லை. பச்சை! அசையாத பச்சை.

"ரத்னா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே பாத்திரம் விழுந்தது. வயசை மறந்து இரண்டிரண்டு படியாக ஏறினார். பின்னாலேயே ரத்தினம்மா.

"மாப்ளே! எழுந்திருங்க! நெட்டு வந்துட்ச்சி!"

போர்வைக்குள்ளிருந்து ஸ்ரீஹரியின் தலை மட்டும் வெளியே வந்தது. "வந்துடுச்சா?" என்றார். சந்தோஷத்தில் குரலே எழும்பவில்லை என்று சிட்டிபாபு நினைத்துக்கொண்டார். ரோஜா ஏனோ தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

மேஜையில் திறந்தபடி இருந்த லேப்டாப் பொறுக்க முடியாததுபோல் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பிறகு விடாமல் மணி அடித்தது. திரையில் பச்சையாய் ஒரு பட்டன் துடித்தது.

"மாமா, அதத் தொடாதீங்க..."

"நீங்க படுங்க மாப்ளே, நான் எடுக்கறேன்" என்று சிட்டிபாபு அழுத்திவிட்டார்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் திரையில் தெரிந்தார். மாப்பிள்ளையின் மேனேஜர், ஸ்வர்ணலதா மேடம். புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் தமிழே பேசினார். "ஸ்ரீஹரி? ஆன்லைன்ல பச்சை காட்டுச்சே, பாத்துட்டு ஆச்சரியமா கூப்பிட்டேன்."

"வணக்கம்மா! நான் அவரு மாமனாரு. தெளிவா தெரியறனா?"

"கண்ணாடி மாதிரி தெரியறீங்க சார். பின்னால கட்டில்ல ஸ்ரீஹரிகூட தெரியறாரு."

கதவுக்குப் பின்னாலிருந்து ரத்தினம்மா புருஷனை உசுப்பினாள். "இனிமே மாப்பிள்ளை எங்க வூட்டுலருந்து எம்மா நாள் வேணா வேலை செய்யலாம்னு அந்தம்மாகிட்ட சொல்லுய்யா!"

சிட்டிபாபு அப்படியே சொன்னார். ஒரு சொல் விடவில்லை.

ஸ்வர்ணலதா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு கட்டில் பக்கம் உற்றுப் பார்த்தார்.

"ஏன் ஸ்ரீஹரி, மாமனார் ஊர்ல நெட்டு வேணும்னா மலை மேல ஏறித்தான் புடிக்கணும், அதனால வியாழக்கிழமை வரைக்கும் லீவு குடுங்கன்னு கேட்டீங்களே... மலை உச்சியிலயே கட்டில் போட்டு, ஏ.சி.யும் வெச்சுக் குடுத்துட்டாங்களா?"