தேயிலைச் செடிக்குப் பயந்த ஸ்டே கம்பி

தைரியசாலி என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. யானை வந்தால் ஓடுவேன். அதில் வெட்கமில்லை, சூரியநெல்லியில் எல்லோரும்தான் ஓடுகிறோம். ஆனால் ஒரு தேயிலைச் செடிக்குப் பயந்து பேர் கெட்டவன் நான் ஒருவன்தான்.

இன்டர்நெட் கேபிள் இழுக்கும் வேலையில் எனக்குப் புதிதாக சூப்பர்வைசர் பதவி. (மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். சாப்பிடும்போதும் கழற்றவில்லை.) முதல் வேலையே எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு லைன் கொண்டுவருவது. நர்ஸிங் முடித்த தங்கை ஜெனிக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் வீடியோ இன்டர்வியூ. எங்கள் லயத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. "அண்ணன் இருக்கேன்ல" என்று பெரிய மனுஷனாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

போஸ்ட்டெல்லாம் நட்டாயிற்று. வளைவில் நின்ற போஸ்ட்டுக்கு மட்டும் தாங்கு கம்பி கட்டவில்லை. கூட வேலை பார்த்த செல்வம் அண்ணன் சொன்னார்: "வளைவுல கேபிள் போஸ்ட்ட உள்பக்கமா இழுக்கும்டே. ஸ்டே கம்பிய வெளிப்பக்கம் கட்டணும்."

"அங்க தேயிலை நிக்குதேண்ணே."

"ஒரு செடியப் பிடுங்கு."

பிடுங்குவதாவது! எஸ்டேட்டில் பிறந்தவன் அப்பனை எதிர்த்துப் பேசுவான், தேயிலைச் செடியைத் தொடமாட்டான். அம்மா முப்பது வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள். செடிக்குள் பந்து விழுந்தாலே முதுகு பழுத்துவிடும். எஸ்டேட் மானேஜரிடம் அனுமதி கேட்கலாம். (அவரிடம் பேச அதைவிடப் பயம்.)

"எந்தப் பக்கம் கட்டுனா என்னண்ணே, கம்பி கம்பிதான?" என்று உள்பக்கமே கட்டவைத்தேன். அண்ணன் என் ஹெல்மெட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டினார்.

வியாழக்கிழமை முழுக்க மழை. வெள்ளி காலை, ஜெனி பேசத் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, போஸ்ட் மெதுவாகச் சாய ஆரம்பித்தது. கேபிள் ஒருபக்கம் இழுக்க, நான் கட்டவைத்த கம்பியும் அதே பக்கம் கூடச் சேர்ந்து இழுத்தது. விழுந்தால் லைன் அறுந்துவிடும், அவள் வேலையும் போய்விடும். அண்ணன் கயிற்றை வீசிப் போஸ்ட்டின் தலையில் மாட்டினார். அதை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். தேயிலைக்குள் இறங்காமல் முடியாது. நான் கயிறும் கையுமாக ஓரத்தில் நின்றேன்.

கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக வந்த அம்மா ஒரு பார்வை பார்த்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டுச் செடிமேல் ஏறினாள்.

"எம்மா, செடி..."

"செடி கெடக்குலே. எம்புள்ள பேசிக்கிட்டிருக்கா. இழு."

மூன்று பேரும் நாற்பது நிமிஷம் இழுத்துப் பிடித்தோம். எனக்கு அழுகை வந்தது. (கயிறு உள்ளங்கையை அறுத்தது பாதிக் காரணம்.) ஒரு செடிக்குப் பயந்தவன் ஏழு செடிகளை மிதித்து நாசமாக்கியிருந்தேன்.

ஜெனிக்கு வேலை கிடைத்தது. எனக்கு மானேஜரிடம் கிடைத்ததை எழுத முடியாது.

அடுத்த வருஷம் மாதா கோயில் பூசையில் என் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். "தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள்" என்றார் ஃபாதர். கடைசி பெஞ்சிலிருந்து செல்வம் அண்ணன் எழுந்தார்.

"தடையில்ல ஃபாதர். மாப்பிள்ளைக்குச் செடின்னா பயம். பொண்ணுக்குத் தெரியுமா?"

முதலில் சிரித்தது அம்மாதான். இன்றும் மாமனார் வீட்டுக்குப் போனால் மச்சினன் வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறான்.

"முற்றத்துல செடி ஒண்ணும் இல்ல. தைரியமா வாங்க அத்தான்."