பொந்துக்குள் ஒரு நிரந்தர வதிவாளர்

தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டம். அதன் ஐந்தாம் நம்பர் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு யூகலிப்டஸ் மரம். 1997இல் கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர்கள் அதன் பொந்தைச் சுரண்டிக்கொண்டு போய், உள்ளே ஒரு ஈஸ்ட் குடியிருப்பதாக அறிக்கை விட்டார்கள். பாணுக்குப் போடுகிற ஈஸ்ட்டுக்கு அது பங்காளி முறை. ஆனால் மூச்சோடு நெஞ்சுக்குள் இறங்கி, மூளை வரைக்கும் ஏறுமாம். "மேற்படி உயிரி இவ்விடத்தில் இயற்கையாகவும் நிரந்தரமாகவும் வசித்து வருகிறது" என்று முத்திரை குத்திய கடிதம் கிராம சேவகருக்கும் வந்தது.

றப்பர் பால் வெட்டும் செல்லையாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா? அதே லயத்தில் பிறந்து முப்பத்தாறு வருசம். பிறப்பைப் பதிய அன்றைக்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அதனால் இன்றைக்கு அடையாள அட்டை இல்லை. அவிசாவளைப் பக்கம் போனபோது, அட்டை இல்லாத தமிழன் என்று பொலிஸ்காரர்கள் இரண்டு தடவை பிடித்து உள்ளே போட்டார்கள். மூன்றாம் தடவை ஆள் திரும்பி வராது என்று மனைவி கலைச்செல்வி அழுதுகொண்டிருந்தாள்.

"நீ எப்ப இங்க வந்தது?" என்றார், அட்டைக்காக வதிவிடக் கடிதம் கேட்டுப் போனவனிடம் கிராம சேவகர்.

"வரலைங்க மாத்தயா. இங்கயே பொறந்தேன்."

"அத்தாட்சி?"

"அந்தக் கிருமிக்கு மட்டும் யாருங்க பொறப்பு பதிஞ்சாங்க?"

கிராம சேவகர் கோபிக்கவில்லை. நியாயமான மனிதர், சுற்றறிக்கையைப் புரட்டி அரைமணி நேரம் யோசித்தார்.

"கிருமி நிரந்தரமா இங்க இருக்கு. அது உன் நெஞ்சில இருந்தா, நீயும் இங்க நெடுக இருந்ததுதானே? ரத்தம் குடு. ரிப்போட் வந்தா நான் கையெழுத்து வைக்கிறேன்."

மறுநாளே செல்லையா பொந்துக்குள் மூக்கை விட்டு இழுத்தான். சேதி பரவியது. விடியக்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராத ஆட்களெல்லாம் மரத்தடிக்கு வந்தார்கள். கங்காணி இராமசாமி பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு இருபது மூச்சு என்று ஒழுங்குபடுத்தினார்.

"மெதுவா இழுங்க அண்ணே, மத்தவங்களுக்கும் கொஞ்சம் மிஞ்சட்டும்!" என்று வரிசையில் நின்ற வெள்ளையம்மா சத்தம் போட்டாள்.

மோசடி நடந்துவிடக் கூடாதே என்று கிராம சேவகரும் தினமும் வந்து, பொந்தடியில் கதிரை போட்டு மேற்பார்வை செய்தார். கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து அவரும் ரத்தம் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. லயத்தில் ஒருத்தருக்கும் கிருமி இல்லை. "மனுதாரர்கள் பூரண ஆரோக்கியத்துடன் இருப்பதால், இவ்விடத்தவர் எனக் கருத இயலாது."

மாத்தறையிலிருந்து மாற்றலாகி ஏழே மாதமான கிராம சேவகருக்கு மட்டும் நெஞ்சு நிறையக் கிருமி. இவ்விடத்து நிரந்தர வதிவாளர் என்பது அவர் விஷயத்தில் ஐயமின்றி நிரூபணமாகியிருந்தது. ஆள் அப்போது தலையைப் பிடித்துக்கொண்டு கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"ஐயோ பாவம், பொழைப்பாரா?" என்றாள் கலைச்செல்வி.

செல்லையா பெருமூச்சு விட்டான்.

"குடுத்து வச்ச மனுசன்டி!"