கேள்வி கேட்டதால தலைவி ஆன கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஏழாவது படிக்கற என் பொண்ணு யாழினி, ஜியாமெட்ரி பாக்ஸை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டா. கணக்குப் பரீட்சை. கொண்டுபோய்க் குடுத்துட்டு வரணும். அவ்ளோதான்.

வீட்டுல தைக்க வேண்டிய ஜாக்கெட்டுங்க குவிஞ்சு கெடக்குது. "போனேன், குடுத்தேன், வந்தேன்னு இருக்கணும் அமுதா"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

எங்க பாண்டி வெயில் தெரியும்ல? காலைலயே மண்டை காஞ்சிடும். ஸ்கூலுக்குள்ள நுழைஞ்சா, ஒரு ரூம்ல ஃபேன் நல்லா வேகமா சுத்துது. அதுக்குக் கீழ ஒரு காலி சேர். எனக்கு ஒரு பலவீனம் உண்டுங்க. ஃபேனுக்குக் கீழ காலி சேரைப் பாத்தா கால் தானா அங்க போயிடும்.

ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போலாம்னு உக்காந்தேன். யாரோ கையில சமோசாவைக் குடுத்தாங்க. குடுக்கறதை வேணாம்னு சொன்னா நல்லாருக்காதுல்ல? வாங்கிக்கிட்டேன்.

அப்பறம்தான் தெரிஞ்சுது, அது பள்ளி மேலாண்மைக் குழு மீட்டிங்!

கவர்மெண்ட் ஸ்கூலுன்னா பெத்தவங்களும் சேர்ந்துதான் நடத்தணுமாம். என்னா செலவு, என்னா ரிப்பேரு, பசங்க எப்படிப் படிக்குதுங்கன்னு அந்தக் குழுதான் பாக்கணுமாம். பெத்தவங்கள்ல ஒருத்தர்தான் தலைவரா இருக்கணுமாம். பழைய தலைவரோட பையன் படிச்சு முடிச்சுட்டுப் போயிட்டதால சீட்டு காலி.

"யாராவது முன்வாங்க"ன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் கெஞ்சறாங்க. வந்திருந்த எல்லாரும் அவங்கவங்க செருப்பையே பாத்துக்கிட்டிருக்காங்க. நான் சமோசாவைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

மேடம் பெருமூச்சு விட்டுட்டு வேற விஷயத்துக்குப் போனாங்க. "ரிசல்ட்டு இந்த வருஷம் நல்லா வந்திருக்குது. சி.பி.எஸ்.இ.க்கு மாறினதுல பசங்க கொஞ்சம் திணறினாலும் சமாளிச்சிடுச்சுங்க. ஒரே ஒரு கவலைதான். பொம்பளப் புள்ளைங்க மதியத்துக்கு மேல வயித்துவலின்னு லீவு கேட்டுட்டுப் போயிடுதுங்க. என்னா காரணம்னே தெரியல."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா, காலைல நான் ரொப்பிக் குடுக்கற தண்ணி பாட்டிலை என் பொண்ணு சாயந்தரம் அப்படியே ரொப்பினபடி திருப்பிக் கொண்டாருவா. திட்டிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். ஒருநாள் அழுதுகிட்டே சொன்னா, "குடிச்சா பாத்ரூம் போவணும்மா. அங்க தண்ணியே வராது"ன்னு.

வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? பாதி சமோசாவோட எழுந்துட்டேன்.

"ஏன் மேடம், காரணம் தெரியலயா? புள்ளைங்க நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. வயித்துவலி வராம வேற என்னா வரும்? பாடம் மாறிச்சு, புஸ்தகம் மாறிச்சு, பாத்ரூம் மட்டும் ஏன் மாறல?"

செருப்பைப் பாத்துக்கிட்டிருந்தவங்க எல்லாம் நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க.

பின்னாடிலருந்து ஒரு அண்ணன், "சரியான கேள்வி! இவங்களே தலைவியா இருக்கட்டும்!"னாரு.

கைதட்டுறாங்க பாருங்க! மாசக்கணக்கா அடக்கி வச்ச மாதிரி கைதட்டுறாங்க!

நம்ம ஊரு வழக்கம் எனக்குத் தெரியாததா? கோயில் திருவிழாவா இருந்தாலும் சரி, தெரு மீட்டிங்கா இருந்தாலும் சரி, யாரு கேள்வி கேக்கறாங்களோ அவங்க தலையிலதான் வேலையைக் கட்டுவாங்க. தெரிஞ்சும் கேட்டேனே! எனக்கு வேணும்.

கும்பிடு எல்லாம் போட்டு முடிச்சு வெளிய வந்தா மணி அடிக்குது. பரீட்சை முடிஞ்சுபோச்சு. பாக்ஸு என் ஹேண்ட்பேக்லயே இருக்குது.

சாயந்தரம் யாழினி முறைச்சா. "பாக்ஸ் எங்கம்மா?"

"நான் தலைவி ஆயிட்டேன்டி."

"நான் வட்டத்தை வளையலை வச்சு வரைஞ்சேன்."

என் வீட்டுக்காரரு பேக்கரியில வேலை பாக்கறவரு. மிச்சமாகி வந்த பன்னைத் தின்னுக்கிட்டே இதைக் கேட்டவருக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறை ஏறிடுச்சு. "ஒரு சமோசாவுக்கு விலை போயிட்டியேடி!"

சிரிங்க, சிரிங்க. உங்களுக்கும் ஒரு காலம் வரும்னு நெனச்சுக்கிட்டேன்.

மறுநாள் மேடம்கிட்ட போயி, "பாத்ரூமுக்குத் தண்ணி ஏத்தற மோட்டாரை ரிப்பேர் பண்ணிடலாம், ஆளைக் கூப்புடுங்க"ன்னேன். மேடம் என்னைப் பாவமா பாத்தாங்க.

"இது அப்படி இல்லமா. ஸ்கூலு கல்வித்துறையோடது. கட்டடம் பொதுப்பணித்துறையோடது. பாடம் டெல்லிலருந்து வருது. தண்ணி டேங்க்கு ஒரு சங்கம் நன்கொடையா குடுத்தது."

"நிதி?"

"வருஷ நிதி மார்ச் கடைசியில வரும். மார்ச் கடைசிக்குள்ள செலவு பண்ணிடணும். இல்லன்னா வந்த வழியே போயிடும். சாக்பீஸு, ட்யூப்லைட்டுன்னு வாங்கறதுக்குள்ள கண்ணுல மறைஞ்சிடும்."

"அப்ப உங்க கையில என்னாதான் மேடம் இருக்கு?"

மேடம் சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தாங்க. "மணி அடிக்கச் சொல்லலாம்."

சரின்னு நானே கெளம்பினேன். முதல் ஆபீஸ்ல, "இது எங்களுது இல்ல"ன்னாங்க. ரெண்டாவது ஆபீஸ் லாஸ்பேட்டை பக்கம். நான் போன நேரம் சாப்பாட்டு நேரம். பாண்டில மதியம் ஆனா பாதி ஊரு ஷட்டரை இறக்கிடும், அதை மறந்துட்டேன். காத்திருந்து கேட்டா, "பைப்புன்னா நாங்க. மோட்டாருன்னா மூணாவது ஆபீஸு."

மூணாவது ஆபீஸ்ல ஒரு இன்ஜினியர் தம்பி. நல்ல புள்ளதான். "மோட்டாரு நல்லாத்தான் இருக்கும்க்கா. பைப்பும் நல்லாத்தான் இருக்கும். மோட்டாரும் பைப்பும் சேர்ற இடத்துலதான் லீக்கு இருக்கும்."

"அந்த இடம் யாரோடது?"

"அது இன்னும் முடிவாகலக்கா."

எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா அந்த ரூம்ல ஃபேன் நல்லா ஓடுச்சு. கீழ ஒரு காலி சேரும் இருந்துச்சு.

உக்காந்துட்டேன்.

"முடிவாகட்டும் தம்பி. நான் இருக்கேன்"னு பையிலருந்து ஜாக்கெட்டை எடுத்து ஹூக்கு தைக்க ஆரம்பிச்சேன். மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும் போனேன். அந்த ஆபீஸ் அம்மா ரெண்டு பேரு எங்கிட்ட ஜாக்கெட்டுக்கு அளவே குடுத்துட்டாங்க! கடைசில அந்தத் தம்பியே ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு, "வாங்கக்கா, மொதல்ல வேலையை முடிப்போம், யாரோடதுன்னு அப்பறம் பேசிக்கட்டும்"னு ஸ்கூலுக்கு வந்துட்டாரு.

சரி பண்ணியும் குடுத்துட்டாங்க. தண்ணி கொட்டுது! கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள், சுவத்துக்கு ரோஸ் கலர் பெயிண்ட்டு. சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அன்னைக்கு சாயந்தரம் ஆசையா யாழினியோட பையைத் திறந்தேன். பாட்டில் ரொப்பினபடியே இருக்குது.

"பூட்டி வச்சிருக்காங்கம்மா."

ஸ்கூலுக்கு ஓடினேன். பெரிய பூட்டு தொங்குது. அட்டெண்டர் ராசு அண்ணன் காவலுக்கு நிக்கறாரு. "திறப்பு விழா வரைக்கும் ஒருத்தரும் திறக்கக் கூடாதுன்னு உத்தரவும்மா."

"பாத்ரூமுக்கா திறப்பு விழா?"

"கல்வெட்டே ரெடியாவுது."

எங்க ஊருல ரோட்டுக்கு ஒட்டு போட்டாலே ரிப்பன் வெட்டுவாங்க. பாத்ரூமை விடுவாங்களா? சிறப்பு விருந்தினருக்குத் தேதி கெடைக்கலயாம். புள்ளைங்க அடக்கிக்கிட்டு உக்காந்திருக்க, தண்ணி உள்ள சும்மா கெடக்கு. விருந்தினர் வீட்டு வாசலுக்கே போயி நின்னு, வெள்ளிக்கிழமைன்னு தேதி வாங்கிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை. பட்டுப்புடவை, மல்லிப்பூ. கேட்டுல ஃபிளெக்ஸு. அதுல ஓரமா நானும் இருக்கேன். ஆதார் கார்டு போட்டோ. திருடி மாதிரி.

விருந்தினர் வர்றதுக்கு முன்னாடி தண்ணி வருதான்னு ஒருதடவை பாத்துடலாம்னு தோணுச்சு. அவரு குழாயைத் திறந்து காத்து வந்தா மானம் போயிடுமே! ஹேண்ட்பேக்கைப் போனோட மேடம்கிட்ட குடுத்துட்டு, சாவியை வாங்கிக்கிட்டு, ரிப்பனுக்குக் கீழ குனிஞ்சு உள்ள போனேன். பூட்டைக் கொண்டியிலயே மாட்டிட்டு, கதவை ஒருக்களிச்சு வச்சேன். சாவி என் இடுப்புல.

தண்ணி அருமையா வருது. அப்போ வெளிய ராசு அண்ணன் குரலு. "எந்தப் புள்ள திறந்துச்சு இதை? விருந்தினர் வர்ற நேரத்துல!"

டப்.

பூட்டை அமுக்கிட்டாரு. அமுக்கினாலே பூட்டிக்கற பூட்டு!

"அண்ணே! ராசு அண்ணே!"ன்னு கத்தறேன். அந்த நேரம் பாத்துத்தான் மேளக்காரங்க ஆரம்பிக்கணுமா? கதவைத் தட்டறேன், அவங்க மேளத்தைத் தட்டறாங்க. அவங்க ஜெயிச்சாங்க.

மேளம் நின்னா மைக்கு. விருந்தினர் வந்துட்டாரு. "இந்தக் கழிப்பறை வரக் காரணமான நம் தலைவி அமுதா அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்"னு மேடம் கூப்புடறாங்க. ஒருதடவை. ரெண்டுதடவை.

யாரோ மைக்குலயே சொல்றாங்க, "பாத்ரூம் போயிருப்பாங்க மேடம்."

உண்மைதாங்க. ஆனா ஒருத்தராவது எந்த பாத்ரூம்னு யோசிக்க வேணாமா?

உள்ள வேர்த்துக் கொட்டுது. வாழ்க்கையில முதல் தடவையா ஃபேன் இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டேன். விழாவுக்குன்னு வாங்கின புது பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல ஏறி ஜன்னல் ஓட்டை வழியா பாத்தேன். ரிப்பனுக்கு முன்னாடி விருந்தினரு, மேடம், பின்னாடி வரிசையா பொம்பளப் புள்ளைங்க. வரிசையில என் பொண்ணு.

கத்திரியால வெட்டினாரு. கைதட்டல். கதவுகிட்ட போனாரு. பூட்டு.

"சாவி எங்க?"

"தலைவிகிட்ட இருக்குங்க."

"தலைவி எங்க?"

"உள்ள!"ன்னு கத்தினேன்.

எல்லாரும் ஜன்னலை அண்ணாந்து பாத்தாங்க. நான் சாவியை ஜன்னல் ஓட்டை வழியா வீசினேன். அது நேரா போயி விருந்தினர் தோள்ல இருந்த மாலையில மாட்டிக்கிச்சு. ராசு அண்ணன் அதை எடுக்கறேன்னு மாலையையே பிச்சுட்டாரு.

கதவு திறந்துச்சு. பட்டுப்புடவை நனைஞ்சு, பூவு தொங்கி, வேர்வை வழிய நான் வெளிய வர்றேன். விருந்தினருக்கு என்னா பண்றதுன்னே தெரியல. கையில இருந்த பொன்னாடையைப் பழக்கதோஷத்துல எனக்குப் போத்திட்டாரு. போட்டோவும் எடுத்துட்டாங்க!

அடுத்தது பேச்சுன்னு மேடம் சொல்லி முடிக்கல. பொம்பளப் புள்ளைங்க மொத்தமா விருந்தினரைத் தாண்டி உள்ள ஓடிடுச்சுங்க. யாரும் தடுக்கல. தடுத்தாலும் நிக்கற நெலமையில அதுங்க இல்ல.

சாயந்தரம் யாழினி வந்தா. "கிளாஸ்ல எல்லாரும் 'உள்ள! உள்ள!'ன்னு கிண்டல் பண்ணுதுங்கம்மா. நீ ஸ்கூலுக்கு வராதம்மா இனிமே"ன்னு சொல்லிக்கிட்டே பையைத் தூக்கிப் போட்டா. பாட்டில் உருண்டு வந்துச்சு.

காலி.

கையில எடுத்துத் தலைகீழா கவுத்துப் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல. "என்னம்மா அழுவற?"ன்னா. "வெங்காயம்"னேன். வீட்டுல அன்னைக்கு வெங்காயமே இல்ல. அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சுங்க எனக்கு.

அவ தண்ணியைக் குடிச்சுக்கிட்டே சொன்னா, "ஆனா எங்க கிளாஸ்ல இப்ப ஃபேன் ஓடலம்மா."

நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். பட்டது போதாதா?

பக்கத்துல பன்னு தின்னுக்கிட்டிருந்த என் வீட்டுக்காரரு நிமிர்ந்தாரு. "அதெப்படி? வெயில் காலத்துல புள்ளைங்க கிளாஸ்ல ஃபேன் ஏன் ஓடல?"

நானும் யாழினியும் அவரையே பாத்தோம்.

கேள்வி கேட்டுட்டாரு.